குந்து, துன்னு, அப்பால பேசு

தை அமாவாசைக்கு முந்தின இரவே திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளக்கரையில் இடம் பிடித்துப் படுத்துவிடுகிறவர்கள் உண்டு. எங்கள் ஆயா அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. மஞ்சப் பையில் ஒரு கிலோ வெல்லம், போர்த்திக்கொள்ளப் பழஞ்சேலை ஒன்று, தூக்குவாளியில் புளிசோறு. வேறு எதுவும் எடுத்துக்கொள்ளாது. ஆனால் அந்தப் புளிசோறு நாலு பேர் சாப்பிடுகிற அளவு இருக்கும். பக்கத்தில் யார் வந்து படுக்கப்போகிறார்களோ, யாருக்குத் தெரியும் என்று சொல்லும்.

ஆயாவைச் 'சொல்லும்', 'வரும்' என்று நான் பேசுவது தெற்கத்தித் தோழிகளுக்கு இன்னமும் பழகவில்லை. பாட்டியைப் போய் 'அது' என்கிறாயே என்பார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் அப்படித்தான். 'அவங்க' என்றால் வாசலில் நிற்கிற ஆள். 'அது' என்றால் அடுப்படியில் குந்தியிருக்கிற ஆள். ஆயாவை நான் 'அவர்' என்று எழுதினால் வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல இருக்கும்.

ஆயா போய்ச் சேர்ந்து எட்டு வருடம் ஆகிறது. இந்தத் தை அமாவாசைக்கு அம்மாவும் நானும் சென்னை மூர் மார்க்கெட் வளாகத்தில் விடியற்காலை மின்ரயில் பிடித்தோம். பெட்டி முழுக்க எள்ளும் தர்ப்பையும் வெல்லமுமாக மணந்தது. திருவள்ளூரில் இறங்கிக் கோயில் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, இரவு படுத்திருந்தவர்கள் எழுந்து குளித்து, ஈரத் துணியோடு நின்றுகொண்டிருந்தார்கள். தாய்மாமா எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். ஆயாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, லாரி லோடு காத்திருக்கிறது என்று ஓடினார்.

குளத்தின் பெயர் ஹிருத்தாபநாசினி. நெஞ்சின் தாபத்தைத் தீர்ப்பது என்று பொருள். பெருமாளுக்கு இங்கே வைத்திய வீரராகவர் என்று ஒரு பெயர் உண்டு. நோய் தீர வேண்டிக்கொண்டு குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். வெல்லம் கரைவதுபோல மருவும் பருவும் கட்டியும் கரையும் என்பது நம்பிக்கை. அம்மா படியில் குந்தி, வெல்லத்தை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீருக்குள் விட்டு, அது கரைகிறவரை கையை எடுக்காமல் இருந்தாள். உடம்புக்கு ஏதாவது வேண்டுதலா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். ஆயா செய்ததால் செய்கிறாள். எனக்கும் ஒரு கட்டி கொடுத்தாள். நானும் அப்படியே செய்தேன்.

இந்த ஊருக்குப் பெயர் வந்த கதையை ஆயா வருடத்துக்கு ஒருமுறையாவது சொல்லும். சாலிஹோத்திரர் என்று ஒரு முனிவர் ஒரு வருடம் பட்டினி கிடந்து தவம் செய்கிறார். தை அமாவாசை அன்று தவம் முடித்து, அரிசி மாவு படைத்து, சாப்பிட உட்காருகிறார். வாசலில் ஒரு கிழவர். பசி என்கிறார். முனிவர் பாதி மாவைக் கொடுக்கிறார். கிழவருக்குப் பசி அடங்கவில்லை. தன் பங்கையும் கொடுத்துவிட்டு, மறுபடி ஒரு வருடம் தவத்துக்கு உட்கார்கிறார். அடுத்த தை அமாவாசைக்கும் கிழவர் வருகிறார். இந்த முறை உண்டு முடித்து, களைப்பாக இருக்கிறது, 'படுக்க எவ்வுள்?' என்று கேட்கிறார். தன் குடிசையைக் காட்டுகிறார் முனிவர். அங்கே படுத்தவர்தான் பெருமாள். எவ்வுள் என்று கேட்டதால் ஊர் திருவெவ்வுள். ஆழ்வார்கள் பாடியதும் அந்தப் பெயரில்தான். கருவறையில் பெருமாள் இன்றும் படுத்துத்தான் இருக்கிறார். வலது கை முனிவரின் தலைமேல்.

கதை முடிந்ததும் ஆயா ஒரு விஷயத்தைத் தவறாமல் சுட்டிக்காட்டும். "வந்தவன் பேரு இன்னா, ஊரு இன்னான்னு கேட்டாரா பாரு அந்த முனிவரு? மொதல்ல துன்ன வெச்சாரு."

எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த எவரும் ஆயாவின் வாயிலிருந்து முதலில் கேட்டது நாலே சொல்: "குந்து, துன்னு, அப்பால பேசு." கடன் கேட்க வந்தவருக்கும் அதுதான், கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்க வந்தவருக்கும் அதுதான். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி அழுதுகொண்டு வந்த எனக்கும் அதே நாலு சொல். வெறும் வயிற்றோடு பேசுகிற பேச்சில் பாதி பசியின் பேச்சு, மீதிதான் மனுசனுடையது என்று ஆயா நம்பியது. இன்று என் தம்பி தன் பட்டறையில் வேலைக்கு வரும் பையன்களிடம் காலையில் கேட்கிற முதல் கேள்வி, துன்னியாடா என்பதுதான். வேலையில் தப்பு செய்தவனைத் திட்டுவதற்கு முன்னாலும் அதைத்தான் கேட்கிறான்.

*

திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகச் சென்னைக்குத் திரும்பி ரயில் மாறலாம். அம்மாவுக்குப் பேருந்தில் போக ஆசை. பூண்டி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் என்று சுற்றிக்கொண்டு போகிற பாதை. ஆயா கோயிலுக்கு வந்துவிட்டு இப்படித்தான் ஊர் திரும்புமாம், வழியில் சொந்தக்காரர் வீடுகளில் இறங்கி ஏறி.

பூண்டியில் இறங்கினோம். கொசஸ்தலையாற்றின் குறுக்கே கட்டிய நீர்த்தேக்கம் 1944-ல் நிறைவடைந்தது. சென்னை மேயராக இருந்து அதற்குப் பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயர் அதற்கு. தை மாதத்துத் தண்ணீர் வெயிலில் தகதகத்தது. என்னை இழுத்தது அதன் பக்கத்தில் இருக்கும் தொல்பழங்கால அகழ்வைப்பகம். சின்னக் கட்டடம்தான். ஆனால் அதனுள் இருக்கிற கற்களின் வயதை யோசித்தால் கோயில், குளம், ஆழ்வார் எல்லாமே நேற்றைக்கு நடந்ததாகிவிடும்.

பூண்டிக்கு அப்பால், இதே ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863 செப்டம்பரில் ராபர்ட் புரூஸ் ஃபுட், வில்லியம் கிங் என்ற இரண்டு நிலவியலாளர்கள் அங்கே ஓர் ஓடையோரம் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். அதே ஆண்டு மே மாதம்தான் ஃபுட் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியை எடுத்து, இந்த நாட்டின் பழைய கற்கால ஆய்வையே தொடங்கிவைத்திருந்தார். பிறகு சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் 1999 முதல் அத்திரம்பாக்கத்தில் அகழ்ந்தார்கள். கீழடுக்கில் கிடைத்த கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழையவை என்று 2011-ல் அறிவித்தார்கள். மேலடுக்கில், கருவி செய்கிற முறையே மாறிவிட்ட காலம் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018-ல் எழுதினார்கள். மனித எலும்பு எதுவும் அங்கே கிடைக்கவில்லை. கைகள் போய்விட்டன, அவை பிடித்திருந்த கல் மட்டும் மிச்சம்.

அம்மா ஒரு கைக்கோடரியின் முன்னால் நின்றுவிட்டாள். கண்ணீர்த்துளி வடிவம், ஒரு பக்கம் கூர், இன்னொரு பக்கம் உள்ளங்கைக்கு அடங்குகிற உருட்டு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தன் கையை மடக்கி அளவு பார்த்தாள்.

"இத்தால கிழங்கு தோண்டலாம்டீ."

ஆய்வாளர்கள் இந்தக் கருவி இறைச்சி அறுக்க, மரம் செதுக்க, மண் தோண்ட என்று பலதுக்கும் உதவியிருக்கும் என்பார்கள். அம்மா அதில் எதையும் படித்தவள் இல்லை. ஆயாவின் மகள், அவ்வளவுதான்.

கிழங்கு என்றதும் எனக்கு ஆப்பிரிக்கா ஞாபகம் வந்தது. தான்சானியாவின் வடக்கே ஏயாசி ஏரியைச் சுற்றி ஹட்சா என்ற மக்கள் வேட்டையாடியும் காய்கிழங்கு சேகரித்தும் வாழ்கிறார்கள். 1980களில் கிறிஸ்டன் ஹாக்ஸ், ஜேம்ஸ் ஓ'கானல், நிக்கலஸ் பிளர்ட்டன் ஜோன்ஸ் என்ற மானுடவியலாளர்கள் அவர்களோடு தங்கி, யார் என்ன உணவு கொண்டுவருகிறார்கள் என்று நாள் நாளாக எடை போட்டுப் பார்த்தார்கள். அங்கே முக்கிய உணவுகளில் ஒன்று இறுகிய மண்ணுக்கடியில் ஆழத்தில் கிடக்கும் கிழங்கு. சின்னப் பிள்ளைகளால் அதைத் தோண்ட முடியாது. தாய் தோண்டுவாள், ஆனால் அவளுக்கு அடுத்த குழந்தை பிறந்துவிட்டால் அவள் கை கட்டிப்போகும். அப்போது பால் மறந்த மூத்த பிள்ளை எடை கூடுகிறதா குறைகிறதா என்பது எதில் இருந்தது தெரியுமா? பாட்டி தோண்டுகிற கிழங்கில். பிள்ளை பெறும் வயதைக் கடந்த கிழவிகள்தான் வெயிலில் அதிக நேரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

இதிலிருந்து 1998-ல் அவர்கள் ஒரு பெரிய கருத்தை முன்வைத்தார்கள். மனித இனத்தில் பெண்கள் பிள்ளைப்பேறு நின்ற பிறகும் பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள். சிம்பன்சிகளில் பொதுவாக அப்படி இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு உணவு தேடிக் கொடுத்த பாட்டிகளின் சந்ததி அதிகம் பிழைத்தது, அதனால் நீண்ட ஆயுள் என்பதே நம் இனத்தின் இயல்பாக நிலைத்தது என்பது அவர்கள் வாதம். எல்லாரும் இதை ஒத்துக்கொண்டுவிடவில்லை. ஆனால் பாட்டி பக்கத்தில் இருந்தால் பிள்ளை பிழைக்கும் வாய்ப்புக் கூடுகிறது என்பதற்கு வேறு இடங்களிலிருந்தும் சான்று வந்தது. பின்லாந்து, கனடா நாடுகளின் பழைய தேவாலயப் பதிவேடுகளை ஆராய்ந்து 2004-ல் வெளியான ஓர் ஆய்வு, 50 வயதைத் தாண்டி ஒரு பெண் வாழ்ந்த ஒவ்வொரு பத்தாண்டுக்கும் அவளுக்குக் கூடுதலாக இரண்டு பேரப்பிள்ளைகள் என்று கணக்குக் காட்டியது.

நான் இதைப் பாதி பேருந்திலும் பாதி டீக்கடையிலுமாக அம்மாவிடம் சொல்லி முடித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "நான் இருவத்தேழு வருசம் கம்பெனிக்குப் போனேன் இல்ல, யாரால போனேன்?" என்றாள்.

*

ஊத்துக்கோட்டையில் ஆரணியாற்றைப் பார்த்தோம். அந்தப் பக்கம் சற்றுத் தூரத்தில் ஆந்திர எல்லைக்குள் சுருட்டப்பள்ளி. அங்கே சிவனும் படுத்த கோலத்தில் இருக்கிறார். படுக்க இடம் கேட்ட சாமிகள் நிறைந்த பகுதி இது. பெரியபாளையத்தில் பவானியம்மனை வாசலில் நின்றே கும்பிட்டோம். ஆடி மாதம் வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டு கூட்டம் அலைமோதுகிற கோயில், தையில் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஆயா எனக்காக ஒருமுறை இங்கே வேப்பிலை கட்டியிருக்கிறது. எனக்கு அம்மை வார்த்த வருடம்.

ஆரணி தாண்டிப் புதுவாயல் நோக்கிப் போகையில் சிறுவாபுரிக்குத் திரும்புகிற பலகை வந்தது. அங்கே முருகனிடம் ஆறு வாரம் வேண்டிக்கொண்டால் சொந்த வீடு அமையும் என்று செவ்வாய்க்கிழமைகளில் சென்னையே திரண்டு வரும். கவரைப்பேட்டையிலிருந்து தெற்கே போனால் பொன்னேரி. அதன் அருகே சின்னக்காவணம் வள்ளலாரின் தாயார் சின்னம்மை பிறந்த ஊர். தகப்பன் இறந்த பிறகு கைக்குழந்தையான இராமலிங்கத்தைத் தூக்கிக்கொண்டு சின்னம்மை வந்து சேர்ந்தது இந்தத் தாய்வீட்டுப் பக்கம்தான். பின்னாளில் வடலூரில் 1867-ல் தருமசாலை தொடங்கி வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையவில்லை. அந்தப் பிள்ளைக்கு இங்கே முதலில் சோறு பிசைந்து ஊட்டிய கை எதுவோ என்று, பலகையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். வரலாறு சின்னம்மையோடு நின்றுவிடுகிறது.

நெடுஞ்சாலை ஏறியதும் காற்றே மாறிவிட்டது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகள், வார்ப்பாலைகள், தாறுமாறாக நிற்கும் டிரெய்லர் லாரிகள், இலைமேல் படிந்த செம்புழுதி. பீகார், ஒடிசா இளைஞர்கள் ஹெல்மெட்டைக் கையில் கோத்துக்கொண்டு டீக்கடை ஓரம் நின்றார்கள். இங்கே ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் அம்மா 1991-ல் சேர்ந்தாள். எனக்கு வயது மூன்று, தம்பி கைக்குழந்தை. முதல் ஷிப்ட் காலை ஆறு மணிக்கு. ஐந்தேகாலுக்குக் கம்பெனி பஸ். நைனா லாரியோடு போனால் வாரம் கழித்து வருவார். ஆயா அப்போதுதான் தன் மகன் வீட்டிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தது. பிறகு திரும்பிப் போகவே இல்லை.

ஹட்சா பாட்டிகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு உடனே விளங்கியதற்குக் காரணம் இந்த ஐந்தேகால் மணி பஸ்தான். ஒரு பெண்ணின் கை கட்டிப்போகிற நேரத்தில் இன்னொரு பெண்ணின் கை தோண்டத் தொடங்குகிறது. சிப்காட்டில் எத்தனை டன் இரும்பு உருகுகிறது என்று கணக்கு வைத்திருப்பார்கள். அந்த இரும்புக்காக விடியலில் கிளம்பும் பெண்களின் பிள்ளைகளுக்கு யார் தலை வாரிவிடுகிறார்கள், யார் காய்ச்சலுக்குக் கஷாயம் வைக்கிறார்கள் என்பது எந்தக் கம்பெனிக் கணக்கிலும் வருவதில்லை. அம்மாவின் சம்பளத்தில் ஒரு பங்கு ஆயாவின் சம்பளம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆயாவும் அப்படி நினைத்திருக்கும். சம்பள நாளன்று மட்டும் கறி வேண்டும் என்று உரிமையோடு கேட்கும்.

*

ஆயா நிஜமாகவே கிழங்கு தோண்டியது. வீட்டுக்குப் பின்னால் மணல் பாங்கான நிலம், ஓரத்தில் பதினொரு பனை. ஆவணி புரட்டாசியில் பனம்பழம் விழும். சதையைச் சுட்டுத் தின்றுவிட்டுக் கொட்டைகளை மேடாகக் கட்டிய பாத்தியில் நெருக்கமாக அடுக்கி மண் போடும். பொங்கலுக்கு முன்னால் ஒரு சின்னக் கடப்பாரையால் நெம்பித் தோண்டும். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, ஓலைக்கூடையில் வைத்து, விற்கப் போகும். எங்களுக்குத் தோல் உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுக்குருத்தை எடுத்துவிட்டு, நாரை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுக் கையில் கொடுக்கும். கிழங்கை ஒடிக்கிற அந்தச் 'சடக்' சத்தம் எனக்கு இன்றும் பசியெடுக்க வைக்கிறது.

ஆயா கூடையோடு போன இடங்களில் ஒன்று இலங்கைத் தமிழர் முகாமின் வாசல். 1990-ல் மறுபடி சண்டை மூண்டபோது ஆயிரக்கணக்கானவர்கள் படகேறி ராமேசுவரக் கரைக்கு வந்தார்கள். மண்டபத்தில் பதிந்து, மாநிலம் முழுக்கப் பிரித்து அனுப்பினார்கள். அப்படிக் கும்மிடிப்பூண்டியில் அமைந்த முகாம் தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் ஒன்றாயிற்று. வாசலில் பிள்ளைகளோடு நின்ற ஒரு பெண் கூடையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாராம். மன்னார்ப் பக்கத்துக்காரர். பனங்கிழங்கு அவர்கள் ஊரின் சாப்பாடு. ஆயாவுக்கு அவர் பேச்சு பாதிதான் பிடிபட்டது. தனக்குத் தெரிந்ததைச் சொன்னது. குந்து, துன்னு, அப்பால பேசு.

அடுத்த வாரம் அந்தப் பெண் எங்கள் வீட்டுக் கொல்லைக்கே வந்துவிட்டார். கோணலும் மெலிசலுமாக விலைபோகாத கிழங்குகளை ஆயா ஒதுக்கிப் போட்டிருப்பதைப் பார்த்து, இதை ஏன் எறியிறியள் என்று கேட்டார். பச்சையாகவே தோலை உரித்து, நெடுக்காகப் பிளந்து, கயிற்றில் கோத்து வெயிலில் தொங்கவிட்டார். காய்ந்தால் அது ஒடியல். இடித்தால் மாவு. தண்ணீரில் ஊறவைத்துக் கசப்பை எடுத்துவிட்டு, மீனும் நண்டும் கீரையும் பலாக்கொட்டையும் புளியும் மிளகாயும் போட்டுக் காய்ச்சினால் ஒடியற் கூழ். அவித்துக் காயவைப்பது புழுக்கொடியல். அது வருடக்கணக்கில் கெடாது. ஆயா தன் அறுபது வயதில் இதையெல்லாம் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. அன்றிலிருந்து எங்கள் பாத்தியில் பாதி அவித்து விற்க, பாதி ஒடியலுக்கு. எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வருகிற சொந்தக்காரர்கள் இது என்ன கூழ் என்று கேட்பார்கள். எங்கள் வீட்டுக் கூழ் என்று சொல்வோம்.

நாங்கள் அவரை அம்மம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தோம். அவருடைய பிள்ளைகள் எங்கள் ஆயாவை ஆயா என்றார்கள். எந்த வீட்டுப் பிள்ளை எந்தக் கொல்லையில் சாப்பிடுகிறது என்று யாரும் பார்த்ததில்லை. முகாமில் மாதச் செக்கிங் அன்று மட்டும் அவர்கள் எல்லாரும் அங்கே இருக்க வேண்டும். 2021-ல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. மாதப் பணத்தை உயர்த்தியது. 7,469 புதிய வீடுகள் கட்டுவதாக அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்த ஒருவருக்குத் தாயோ தகப்பனோ இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் குடியுரிமை. 2019-ல் வந்த திருத்தச் சட்டத்திலும் இலங்கை இடம்பெறவில்லை. அம்மம்மாவின் பேத்தி இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தவள், இந்த ஊர்ப் பள்ளியில் படித்தவள். இன்னும் அவள் எந்த நாட்டுக்காரியும் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. படுக்க எவ்வுள் என்று கேட்டவருக்குக் குடிசையைக் காட்டிய ஊர் இருக்கும் மாவட்டத்தில், முப்பத்தைந்து வருடமாக ஒரு குடும்பம் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

*

மூன்று மணி வாக்கில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அம்மா என்னோடு சென்னைக்கு வந்த பிறகு வீடு பூட்டியேதான் கிடக்கிறது. கொல்லைக் கதவுக்கு மட்டும் பூட்டு கிடையாது. பதினொரு பனையில் இப்போது ஏழு நிற்கிறது. இரண்டு புயலில் சாய்ந்தன. இரண்டைப் பக்கத்து நிலம் விற்ற சமயம் யாரோ வெட்டிச் செங்கல் சூளைக்கு ஏற்றிவிட்டார்கள். தமிழ்நாட்டின் மாநில மரம். ஆட்சியர் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று இப்போது சொல்கிறார்கள். எங்கள் இரண்டு மரத்துக்கு அது பிந்தி வந்தது.

பாத்தியோரம் அம்மம்மா குந்தியிருந்தார். தலை முழுக்க வெள்ளை. கையில் ஆயாவின் கடப்பாரை. ஆயா போன பதினாறாம் நாள், டிரங்குப் பெட்டியில் இருந்ததையெல்லாம் பிள்ளைகள் பிரித்துக்கொண்டபோது, அம்மா இந்தக் கடப்பாரையைத் தன் பங்காக எடுத்து அம்மம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்றிலிருந்து பாத்தி அவர் பொறுப்பு. ஒவ்வொரு புரட்டாசியிலும் கொட்டை அடுக்குகிறார். தையில் தோண்டுகிறார். தோண்டித் தோண்டி அதன் முனை நான் சின்ன வயதில் பார்த்ததைவிட ஒரு சாண் குறைந்திருக்கிறது.

"வாங்கோ வாங்கோ. கோயிலுக்குப் போட்டுத்தானே வாறியள்?" என்றார். பக்கத்தில் மூன்று வயதுப் பேத்தி மகன் மண்ணில் குந்தி, ஒரு கிழங்கைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தான். அவன் அம்மா சிப்காட்டில் முதல் ஷிப்ட்டுக்குப் போயிருக்கிறாள்.

அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடப்பாரையை வாங்கினாள். அவளுக்கு முழங்கால் வலி; நான் தோண்டுகிறேன் என்றேன், விடவில்லை. மண்ணுக்குள் சாய்வாகக் குத்தி, நெம்பி, அசைத்து, ஒரு கொத்தாக எழுப்பினாள். மண் வாசனையோடு ஏழெட்டுக் கிழங்கு வந்தது, சிலது ஒடிந்து. முளைக்காத கொட்டை ஒன்றும் வந்தது. அம்மம்மா அதை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டு, திரும்பப் பாத்திக்குள் வைத்து மண்ணைத் தள்ளினார். அடுப்பில் ஏற்கெனவே ஒரு சட்டிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு தட்டு வந்தது. நான் நாரை இழுக்கத் தொடங்கினேன். இத்தனை வருடம் கழித்தும் ஆயா அளவுக்குச் சுத்தமாக எனக்கு வராது.

அப்போது கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு பேத்தி வந்தாள். கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க, முகமெல்லாம் வியர்வை. எங்களைப் பார்த்ததுகூட உறைக்கவில்லை அவளுக்கு. சூப்பர்வைசர் என்னவோ சொல்லிவிட்டானாம், நாளையிலிருந்து நைட் ஷிப்ட் போட்டுவிட்டார்களாம், பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படி, இனிமேல் போகவே மாட்டேன் என்று நின்றபடியே படபடவென்று பேசிக்கொண்டு போனாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

அம்மம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சட்டியிலிருந்து சூடாக இரண்டு கிழங்கை எடுத்துத் தோல் உரித்து, 'சடக்'கென்று ஒடித்து நீட்டினார்.

"குந்து பிள்ளை. துன்னு. அப்பால கதை."

கடைசிச் சொல் மட்டும் மன்னாருடையது.